இசைத் தொண்டர் முத்துசாமி தீட்சிதர்

பங்குனித் திங்களிற் கச்சித் திருவேகம்பத்தில் நிகழும் பெருவிழாவைக் காண உத்தரமேரூரினின்றும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களினின்றும் அன்பர் பலர் ஆண்டுதோறும் செல்வது வழக்கம். ஆண்டு மாவடியில் நிலமாகிய பூதத்தின் வடிவாய் எழுந்தருளியிருக்கும் பெருமானை வணங்கி மீள்வோருள், அப்பெருமான்மீது பைரவி இராகத்தில் அமைந்த வடமொழிக் கிருதியைக் கேட்டு உருகினார் பலர் இருப்பர். அதனை ஆக்கியவர் முத்துசாமி தீட்சிதர் என்பதும் அவர் அறிந்ததே. ஆயின், அப்பாட்டு ஆக்கியோரின் நாவினின்றும் நம் செவிவரை வந்து சேர்ந்த வழி எத்துணை இடர்ப்பாடுடையது என்பதனை எண்ணிப் பார்த்தவர் சிலரே. அப்பெரியாரின் வரலாற்றையும், அவர்தம் இசை அழியாது காக்கப்பட்ட வரலாற்றையும் ஒருங்கே கூறுதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

தீட்சிதரின் தந்தையார் இராமசாமி தீட்சிதர். இவர் கி.பி. 1735-இல் தோன்றியவர், வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தா முறையை அம்மரபிலேயே பயின்றவர், அம்சத்துவனி என்னும் இராகத்தை வழக்கிற்குக் கொணர்ந்தவர். திருவாரூரிற் குடியமர்ந்து தியாகேசர் திருமுன்னர் இசைத்தொண்டு புரிந்துவந்தார். நெடுநாள் மகப்பேறு இன்மையால் வருந்திய இவரும் இவர் மனைவியாரும் புள்ளிருக்குவேளூரை அடைந்து முத்துக்குமாரசுவாமியை நோக்கி நோன்பு கிடந்தனர். அதன் பயனாக 1775-ஆம் ஆண்டு பங்குனித் திங்கட் கார்த்திகை நாளில் திருவாரூரில் ஓர் ஆண்மகவு பிறந்தது. முருகன் அருளால் வந்த பிள்ளைக்கு அவன் பெயரையே இட்டனர். பின்னர்ச் சின்னசாமி, பாலுசாமி என்னும் ஆண்மக்கள் இருவரும், பாலாம்பாள் என்னும் பெண்மகவும் பிறந்தனர். இளமையிலேயே முத்துசாமி வடமொழி நூல்களையும், தந்தையார்பால் வாய்ப்பாட்டையும் வீணையையும் ஐயந்திரிபறக் கற்றார்.

அந்நாளிற் சென்னைக்கு வடக்கே திருவொற்றியூரை அடுத்துள்ள மணலியில் முத்துகிருஷ்ண முதலியார் என்னும் செல்வர் வாழ்ந்தார். இவர் கிழக்கிந்தியக் கும்பினியாரிடம் துபாஷித் தொழில் பூண்டவர். கலைவாணரைப் பேணும் வள்ளன்மையர். இவர் அழைப்பினால் இராமசாமி தீட்சிதர் குடும்பத்தோடு மணலிக்குப் பெயர்ந்தார். முதலியாருக்குப்பின் அவர் மகனார் வேங்கடகிருஷ்ண முதலியாரும் அக்குடும்பத்தைக் குறைவின்றிப் பேணினர். சென்னைக் கோட்டையில் முழங்கிய ஐரோப்பிய வாத்திய இசையை இச்சகோதரர் கேட்கும் வாய்ப்பும் அவராலேயே கிட்டியது. இளையவராகிய பாலுசாமி ஐரோப்பியர் ஒருவர்பால் பிடில் வாசிக்கக் கற்று, அக்கருவியை நம் இசைக்கு இயைந்த துணைக்கருவி ஆக்கினார். மூத்தவரோ அவ்வயலிசை மெட்டுக்கள் சிலவற்றிற்கு வடமொழிச் சொற்களை அமைத்துத் தெய்வத் துதிகளாக்கினார். ஆங்கில அரசரை வாழ்த்தும் மெட்டே அவற்றுள் ஒன்றில் அம்பிகையைப் போற்றும் மெட்டாயிற்று. இவை இன்று நோட்டுச்சுரப் பாடல்கள் என்னும் பெயரால் சிறுவர்க்கு முதற்பாடமாகக் கற்பிக்கப்படுகின்றன.

மணலியில் வாழுங்கால் சிதம்பரநாத யோகி என்னும் துறவியார் அவ்வீட்டிற்கு எழுந்தருளினார். முத்துசாமியின் இயல்பைக் கண்ட யோகியார், அவரைத் தம்முடன் காசிக்கு அனுப்புமாறு தந்தையாரை வேண்டினார். ஈன்றோர்க்கு அப்பிரிவு பொறுத்தற்கரிதாயினும் மறுக்க மாட்டாராய் இசைந்தனர். காசியில் ஏறத்தாழ ஐந்தாண்டு யோகியாரிடம் தொண்டுபூண்டு ஸ்ரீவித்தை நெறியையும் வேதாந்த நூல்களையும் தீட்சிதர் பயின்றார். வடநாட்டிசையைப் பலகாலும் கேட்டு அதன் நெடிதோடும் நடையைத் தம் உள்ளத்தில் ஏற்றதும் ஆங்கேயாம். யோகியார் தம் இறுதிக்காலம் அணித்தாயதை உணர்ந்து, மாணவரைக் கங்கையில் இறங்கி மூழ்கச் செய்தார் என்றும், நீரினின்றும் எழுந்தபோது அவர் கையில் ஒரு வீணை இருந்தது என்றும் அம்மரபினர் கூறுவர். தீட்சிதரின் பாடல்கள் மிடற்றுக்குரியவாதல்போலவே வீணைக்கும் உரியவாய் இழைந்து நிற்பதனை நோக்குவார்க்கு இச்செய்தியின் உட்பொருள் எளிதில் விளங்கும்.

காசியினின்று மீண்ட தீட்சிதர் திருத்தணிகைக்குச் சென்று முருகன் திருமுன் தவமிருந்தார். ஆண்டு முதியவர் ஒருவர் தோன்றி அவர் வாயிற் கற்கண்டை இட்டு மறைந்தனர் என்றும், வந்தவர் முருகனே எனத் தெளிந்து மாயாமாளவகௌளை இராகத்தில் முதற் கிருதியைப் பாடினர் என்றும் கூறுப. குருவாய் வந்தருளிய குகனை மறவாமைப்பொருட்டுக் குருகுகன் என்னும் பெயரையே தம் பாடல்களின் முத்திரையாக அமைத்தார். தம் பெயரை ஒருசிறிதும் வையாது, தம்மை ஆட்கொண்ட இறைவன் பெயரையே வைத்தமை அவர்தம் அடக்கத்தைக் காட்டும்.

பின்னர்க் கச்சியை அடைந்து சில ஆண்டு அங்கு உறைந்தார். உபநிடதங்களுக்கு உரைகண்ட உபநிடத பிரமேந்திரர் அக்காலத்தில் கச்சியில் வாழ்ந்தார். அவரை அணுகி வேதாந்த நுட்பங்களைத் தீட்சிதர் கேட்டறிந்தனர் என்ப. திருவேகம்பர், காமாட்சியம்மை, வரதராசர் ஆகியோர்மீது இவர் பாடிய கிருதிகள் பல. காமாட்சியம்மைமீது இந்தோளத்திலும், வரதராசர்மீது சாரங்கத்திலும் அமைந்தவை இசைவாணர் பலராலும் இன்றும் பாடப்பெறுகின்றன.

ஈண்டு ஒரு செய்தி சைவர் நினைவிற்கு வருதல் இயல்பு. திருவொற்றியூரில் சூளுரை பிழைத்துக் கண்ணிழந்த நம்பியாரூரர், கச்சியேகம்பத்தில் ஒரு கண்ணும் திருவாரூரில் மற்றொரு கண்ணும் பெற்றமை பெரியபுராணத்தால் அறிந்தது. தீட்சிதரும் ஒற்றியூர்ப் பாங்கரினின்று புறப்பட்டுக் கச்சியில் தங்கி ஆரூரை அடைந்தவரே. நம்பிகளோடு இவரை ஒப்பிடுதல் நம் கருத்தன்று. ஆயினும், ஓர் அடியார் நடந்த வழியிற் பல நூற்றாண்டின்பின் மற்றோர் அன்பர் யாழ்க்கருவியைத் தாங்கி நடந்தார் என எண்ணுதல் நமக்கு இன்பம் பயப்பதொன்றாம்.

தந்தையார் திருவாரூருக்கு மீண்டு அங்கே தங்கியமையின் தீட்சிதரும் அவ்வூரை அடைந்தார். 1817-இல் தந்தையார் இறைவனடி சேர்ந்தனர். திருவாரூர் வாழ்வே தீட்சிதர்தம் புலமை முழுதும் மலர்ந்த காலமாம். கமலாம்பிகைமீது நவாவரண முறைப்படி, தியானப் பாட்டும் மங்கலப் பாட்டும் உட்பட 11 கிருதிகள் இயற்றினார். தியாகேசர்மீதும் நீலோற்பலாம்பிகைமீதும் எட்டு வேற்றுமைகளையும் முறையே அமைத்துத் தனித்தனித் தொகுதிகள் பாடினார். வாதாபி கணபதியின்மேல், தந்தையார் கண்ட அம்சத்துவனியிலேயே ஒரு கிருதி பாடினார். வாதாபியைத் துகளாக்கிய படைத்தலைவர் பரஞ்சோதியாரே பின்னர்ச் சிறுத்தொண்ட நாயனார் ஆயினார் என்பதை நம்மவர் அறிவர். இசையரங்குகள் பலவற்றின் தொடக்கத்தில் ஒலிப்பது இக்கிருதியே.

அவர் வறுமையினின்றும் நீங்கியவரல்லர். ஒருகால் வீட்டில் அரிசியும் இல்லாதாக, அவரிடம் இசை பயின்ற கமலம் என்னும் ஆடல்மகள் தன் கைவளைகளை அடகுவைத்துப் பொருள் கொணர முன்வந்தாள். தீட்சிதர் அதற்கு இசையாது, தியாகேசரை நோக்கி யதுகுலகாம்போதியில் ஒரு கிருதி பாடினார். அரசியல் அலுவலர் ஒருவரின் வரவிற்கெனச் சேர்த்திருந்த உணவுப்பண்டங்கள், அவர் வாராமையால், மறுநாள் தீட்சிதர் வீட்டை வந்தடைந்தன என்பர். சுத்தமத்தளம் வாசிக்கும் தம்பியப்பன் என்னும் மாணவர் வயிற்றுநோயால் வருந்தியபோது, வியாழனுக்குரிய கிருதியை அடாணா இராகத்தில் இயற்றிக் கற்பித்து நோய் தீர்த்தார் என்றும் கூறுப. கிழமைகட்குரிய கோள்கள் ஏழன்மேலும் ஏழு தாளங்களில் அமைந்த பாடல்கள் இவ்வாறு எழுந்தன. தாம் பெற்றதனைக் குலமும் தொழிலும் பாராது கோயிற் கலைஞர்க்கு அள்ளி வழங்கியமை ஈண்டுக் கருதத்தக்கது. பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு என்னும் தஞ்சைச் சகோதரர் நால்வரும் இவர்தம் மாணவரே. இன்று வழங்கும் ஆடற்கலைப் பயிற்சி முறையை வகுத்தவர் அவரேயாவர்.

இனி, இவர்தம் பாடல்களின் இயல்பைச் சிறிது நோக்குவாம். ஐம்பூதத் தலங்கள்மீது இவர் பாடிய கிருதிகள் ஐந்து. கச்சியேகம்பத்திற்குப் பைரவியும், திருவானைக்காவிற்கு யமுனாகல்யாணியும், திருவண்ணாமலைக்குச் சாரங்கமும், திருக்காளத்திக்கு உசேனியும், தில்லைக்குக் கேதாரமும் உரிய இராகங்களாம். இவர் பெரும்பாலும் தம் பாடல்களில் இராகத்தின் பெயரைப் பொருளோடு இயைய வைப்பார்; தலத்தின் பெயர், தீர்த்தம், மூர்த்தி, கோயில் மரபு ஆகியவற்றையும் குறிப்பார். நடை பெரிதும் தாழ்ந்தது; யானை நடந்தாற்போலக் கமகம் நிறைந்து செல்வது; இறுதியில் மட்டும் சொற்கள் விரைந்து ஓடுவது. இப்பாடலைக் கேட்போன் அவசரமுடையனாயின் ஒன்றும் பெறான்; அமர்ந்து கேட்பானாயின் கோயிலை வலம்வந்த பயனைப் பெறுவான்.

அன்பர் சிலர், தீட்சிதர் ஸ்ரீவித்தை நெறியினர், வேதாந்தச் சார்புடையார், பெரிதும் வடமொழியிற் பாடியவர், சித்தாந்த சைவர்க்கு அவரால் ஆவதென்னை என வினவலாம். தமிழிற் பாட்டுக்கள் அரங்குகளில் உரிய இடம் பெறவேண்டும் என 1940-களில் எழுந்த தமிழிசை இயக்கமும் நீதியுடையதே. தேவாரம் பிறந்த நாட்டில் தேவாரம் அரங்கின் இறுதித் துக்கடாவாக ஒதுங்கி நின்றமை வருந்தத்தக்கதே. அதனை மறுப்பார் யாருமிலர். ஆயினும், கொள்கை வேற்றுமை கொள்கை ஆராய்ச்சிக்கு உரியது; தொண்டின் அருமை தொண்டினால் அளக்கப்படுவது. நம் நாயன்மார் பாடிய தலங்களையே இவரும் நாடிச் சென்று பாடினார். அத்தலங்களின் பெருமையைத் தமிழறியாத நாட்டினரும் இசைவழியே அறியச் செய்தார். மணிப்பிரவாளமாகத் தமிழும் தெலுங்கும் விரவிய கிருதிகளும் இவர்பால் உண்டு. முப்பொருளியல்பை நாம் ஆராயுமாறு அவர் ஆராய்ந்திலர் எனினும், பதியை நோக்கி உயிர் உருகும் நிலை ஒன்றே என்பதை அவர்தம் இறுதிநாளே நமக்குக் காட்டுகின்றது.

இளவலாகிய பாலுசாமி எட்டயபுர அரசவையில் இசைப்புலவராய் அமர்ந்திருந்தார். அவரைக் காணும் விருப்பினால் தீட்சிதர் தென்திசை நோக்கிச் சென்றார். கரிசல் நிலம் மழையின்றி வெடித்துக் கிடந்ததைக் கண்டு மனமிரங்கி அமிர்தவர்ஷிணி இராகத்தில் அம்பிகையைப் பாட, மழை பொழிந்தது என்பது அந்நாட்டார் வழங்கும் செய்தி. 1835-ஆம் ஆண்டு அக்டோபர் 21-ஆம் நாள், தீபாவளியன்று, எட்டயபுரத்தில் மாணவர் சூழ்ந்திருக்க, மதுரை மீனாட்சியம்மைமீது தாம் கமகக்கிரியா இராகத்திற் பாடிய கிருதியை அவர்களைப் பாடுமாறு பணித்தார். அம்மையைப் பாசம் அவிழ்ப்பவள் எனப் போற்றும் இடம் வந்தபோது அதனை மீண்டும் பாடச்செய்து, அந்நிலையிலேயே உடல் நீத்தார் என்பது வழிவழி வந்த செய்தி. ஆண்டு அறுபது. பதியின் அருளாலன்றிப் பாசநீக்கம் இல்லை என்பது நம் நூற்றுணிபு. அத்துணிபை வாதத்தால் நிறுவாது, தம் இறுதி மூச்சினால் வேண்டிப் பெற்றார் இவர். எட்டயபுரத்தில் அவர்தம் நினைவிடம் இன்றும் உளது.

நிற்க. தீட்சிதர் மறைந்தபோது அவர் பாடல்களுள் அச்சேறியது ஒன்றும் இல்லை. அவை சில குடும்பத்தினர் நாவிலும், தஞ்சை, திருவாரூர்க் கலைஞர் நாவிலும், ஏட்டுச் சுவடிகளிலுமே வாழ்ந்தன. ஒருவர் இறப்பின் அவரறிந்த பாடலும் அவரோடு இறப்பதே அக்கால இயல்பு. பாலுசாமியின் மகள் வயிற்றுப் பேரராய் 1839-இல் தோன்றி, அவராலேயே மகனாக ஏற்கப்பெற்றவர் சுப்பராம தீட்சிதர். குடும்பச் செல்வம் முழுதும் இவர் ஒருவரிடமே நிறைந்திருந்தது. எனினும் அதனைப் புறத்தார்க்கு எழுதிக் கொடுக்க அவர் எளிதில் இசைந்திலர். கற்கும் தகுதியின்றி ஏட்டைப் பார்த்துப் பாடுவோர் இசையைச் சிதைப்பர் என்னும் அச்சம் அந்நாளைய ஆசிரியர் பலர்க்கும் இருந்ததே.

அவ்வச்சத்தை வென்றவர் சின்னசாமி முதலியார் என்னும் சென்னை அறிஞர். இவர் கிறித்துவ சமயத்தினர், அரசாங்க அலுவலர். நம் இசையை ஐரோப்பியக் குறியீட்டில் எழுதி அழியாது காக்கவேண்டும் எனத் துணிந்து, 1893 முதல் நூல்வடிவில் வெளியிடலானார். அம்முயற்சியில் அவர்தம் பொருள் கரைந்தது. உடல்நலமும் கண்பார்வையும் குன்றின. தம்மால் முடியாதது சுப்பராம தீட்சிதரால் முடியவேண்டும் என எட்டயபுரம் சென்று வேண்டினார். எட்டயபுர மன்னரும் அதனை ஏற்று ஆதரித்தார். அதன் பயனாகவே 1904-ஆம் ஆண்டில், சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி என்னும் பெருநூல் தெலுங்கெழுத்தில் எட்டயபுரத்தில் அச்சாகி வெளிவந்தது. தீட்சிதர் கிருதிகள் 200-க்கு மேற்பட்டவை சுரமும் கமகக் குறியீடும் தாளமும் விளங்க அதன்கண் பதிக்கப்பெற்றன. தீட்சிதர் மறைந்து 69 ஆண்டுகளுக்குப் பின்னரே இது நிகழ்ந்தது. இரண்டாண்டு கழித்து, 1906-இல், சுப்பராம தீட்சிதரும் மறைந்தார். சில ஆண்டு தாழ்த்திருப்பின் நாம் இழந்திருப்பது எத்துணை என்பதை அன்பர்கள் எண்ணுக. அவர் பிரிவிற்கு இரங்கி எட்டயபுரத்துப் புலவர் சுப்பிரமணிய பாரதியார் பாடல் இயற்றியுள்ளார். 1961 முதல் சென்னை மியூசிக் அகாடமி அந்நூலைத் தமிழெழுத்திற் பகுதி பகுதியாக வெளியிட்டது. பிறர் பின்னர் வெளியிட்டனவும் சேர, இன்று தீட்சிதர் பெயரால் 450-க்கு மேற்பட்ட கிருதிகள் வழங்குகின்றன. பிற்பதிப்புக்களில் மட்டும் காணப்படும் சிலவற்றைப்பற்றி ஆராய்ச்சியாளரிடையே ஐயம் உண்டு. காலத்தில் எழுதப்படாமையால் நேர்ந்த கேடு இதுவேயாம்.

ஏட்டிற் பதிந்த இசை ஒலியாய்ப் பதிந்த வரலாற்றிலும் காஞ்சி நாட்டிற்குப் பங்கு உண்டு. காஞ்சிபுரத்தில் 1919-இல் பிறந்து, தாமல் என்னும் சிற்றூரின் பெயரைத் தம் பெயரின் முதலெழுத்தாகக் கொண்டவர் தாமல் கிருஷ்ணசாமி பட்டம்மாள். பெண்டிர், அதிலும் அந்தணர் மகளிர், அரங்கேறிப் பாடுதல் தகாது எனக் கருதிய காலத்தில் அத்தடையைக் கடந்தவர் இவர். சுப்பராம தீட்சிதரின் மகனார் அம்பி தீட்சிதரிடமும், அவர் மாணவராகிய நீதிபதி வேங்கடராம ஐயரிடமும் தீட்சிதர் கிருதிகளை நேரே பயின்றார். அம்பி தீட்சிதர் 1936-இல் மறைந்தனர். எனவே பட்டம்மாள் இசைத்தட்டில் நாம் கேட்பது, குடும்ப மரபு அற்றுப்போகுமுன் ஒரு மிடற்றினின்று மற்றொரு மிடற்றிற்கு மாறிய பாடமாம். அக்காலத்து இசைத்தட்டு ஒரு பக்கத்தில் மூன்று மணித்துளியளவே ஓடுவது. தாழ்ந்த நடையில் அரை நாழிகை செல்லும் கிருதியை அதனுள் அடக்குதல் குடத்துள் ஏரியை அடக்குவதை ஒக்கும். பாடுவோர் சில அடிகளைக் குறைத்தும் நடையை விரைவித்தும் பாட நேர்ந்தது. நெடிதோடும் தட்டுக்கள் 1948-க்குப் பின்னர் வந்து, அக்குறை ஒருவாறு தீர்ந்தது. பட்டம்மாள் 2009-இல் மறைந்தார். அவர் குரல் மறைந்திலது.

உத்தரமேரூரில் முதற்பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும், ஊராட்சிக்குரியாரைக் குடவோலையால் தேரும் முறை கோயிற் சுவரிற் கல்லிற் பொறிக்கப்பட்டது. அக்கல்வெட்டு இன்றேல், அவ்வூரில் அங்ஙனம் ஓராட்சி நிகழ்ந்தது என நாம் அறிவதெங்ஙனம்? தேவார ஏடுகள் தில்லையில் ஓர் அறையிற் கறையானுக்கு இரையாய்க் கிடந்ததையும், நம்பியாண்டார் நம்பிகளும் சோழமன்னரும் எஞ்சியவற்றை மீட்டதையும், பண் மறைந்தமையால் திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த பெண்மணி ஒருவர் அதனை வகுத்தருளியதையும் திருமுறைகண்ட புராணம் கூறும். சொல் ஒரு கண், பண் மற்றொரு கண். இரண்டனுள் ஒன்று கெடினும் பாட்டு ஊனமுற்றதாம். தீட்சிதர் பாடல் இருகண்ணும் உடையதாய் நமக்குக் கிட்டியது, தம் கண்ணொளியை அதற்கு ஈந்த ஒரு முதலியாராலும், தம் முதுமையை ஈந்த ஒரு பேரராலும், தம் மிடற்றை ஈந்த ஓர் அம்மையாராலும் ஆம்.

2025-ஆம் ஆண்டோடு தீட்சிதர் பிறந்து 250 ஆண்டு நிறைந்தன. அவரைப் போற்றுதற்கு விழா எடுத்தல் நன்று. அதனினும் நன்று ஒன்று உண்டு. நம் சிற்றூர்க் கோயில்களில் முதிய ஓதுவாரும் நாகசுரக் கலைஞரும் இன்னும் சிலர் உளர். எழுத்தில் ஏறாத பண்முறையும், விழாக்காலத்து மல்லாரி முறையும் அவர் நினைவில் மட்டும் வாழ்கின்றன. பெருநூல் எழுத அரசர் துணை வேண்டியிருந்த காலம் அது. இன்றோ கையடக்கக் கருவி ஒன்று ஒவ்வொருவரிடமும் உளது. அம்முதியோர் முன்னிலையில் அமர்ந்து, அவர் இசைவோடு அவர் பாடுவதனைப் பதிந்து, பெயரும் ஊரும் நாளும் குறித்து வைத்தலும் சிவத்தொண்டே என்பதை அன்பர் உளங்கொள்வாராக. அம்முதியோர் உள்ளபோதே அதனைச் செய்வாராக.